கியூபெக் தகடு போட்ட கார்

மொன்றியல்
12 மார்ச் 2006

அன்புத் தங்கச்சி நிரஞ்சனி,

மாதாவின் காவலில் இங்கே நானும் உன் மச்சாள் றோஸ்மேரியும் குறையில்லாமல் இருக்கிறோம். உன் தோள் எப்படி, இரவில் நித்திரை வருகிறதா, அதை முதலில் எழுது.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற அந்த வெள்ளைக்காரப் பிள்ளை, தினமும் கொஞ்சம் எழுதச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. தொலைபேசியில் நாம் கதைத்தால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் சத்தம் போடுவேன், நீ வைத்துவிடுவாய். கடிதம் என்றால் முடியுமட்டும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

உன்னை இடித்தவன் இரவிச்சந்திரன் என்று கேட்டபோது, ஸ்காபுறோவில் எத்தனை இரவிச்சந்திரன்கள் என்றுதான் நினைத்தேன். அவனேதானாம். என் கடையில் பங்காளியாய் இருந்தவன். அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் யாழ்ப்பாணம் போயிருந்த நேரம் பார்த்து, கொழும்பு மீன் ரின் ஏஜென்சியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவன். திரும்பி வந்து மொன்றியல் துறைமுக வாசலில் லொறியோடு நின்றேன். கொள்கலன் வந்தது, அவன் பெயரில். அதோடு ஸ்காபுறோவுக்குப் போய்க் கடை திறந்தான். மூன்று வருடமாய் அவனுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவனே வந்து உன் காரில் இடித்திருக்கிறான்.

ஒரு விஷயம் உடனே எழுது. இங்கே கியூபெக்கில் காயத்துக்கு அரசாங்கம் கொடுக்கும், இடித்தவன் மேல் வழக்குப் போட முடியாது. உங்கள் ஒன்ராறியோவில் போடலாம். ஆனால் இடித்தவனிடம் காப்புறுதி இருந்தால்தான் வழக்கில் சதை இருக்கும். அவனிடம் ஒன்றுமே இல்லையென்றால், எல்லோருடைய பொலிசியிலும் சட்டம் வைத்திருக்கிற சிறு தொகை உன் கொம்பனியிலிருந்து வரும். அவனிடம் இருப்பது போதாது என்றால் மிச்சத்தை உன் கொம்பனி தரவேண்டும். அதற்கு நீ 'குடும்பப் பாதுகாப்பு' என்ற பிரிவைத் தனியாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். உன் பொலிசியில் அது இருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணை
அருமைராசா


ஸ்காபுறோ
2 ஏப்ரல் 2006

அன்புள்ள அண்ணை,

ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறேன். மச்சாளின் முழங்கால் வலி எப்படி? எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோள் எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இனி மணப்பெண்ணுக்குக் கொண்டை போடுவதென்றால் அவளைத் தரையில் இருத்திவிட்டு நான் கதிரையில் இருக்க வேண்டும். சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் மனுசன் கண்ணை மூடிய பிறகு இந்தக் கைதான் என் சீவியம்.

மார்க்கம் றோட்டில் நான் பச்சையில் போனேன். இரவிச்சந்திரன் சிவப்பில் வந்தார். பிழை முழுவதும் தன்னுடையது என்று பொலிசுக்கு அங்கேயே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வந்தார், மனுசி புஷ்பராணியோடு. சூப் கொண்டு வந்தார்கள்.

என் வழக்கைப் பார்க்கிற லோயர் பெடியன் சொல்கிறான், அவருடைய காப்புறுதி நல்ல காப்புறுதியாம். ஒரு மில்லியன் வரைக்கும் இருக்கிறதாம். அது கியூபெக் கொம்பனி.

கை நோகிறது. நிறுத்துகிறேன்.

உங்கள் தங்கச்சி
நிரஞ்சனி


மொன்றியல்
20 ஏப்ரல் 2006

அன்புத் தங்கச்சி,

நாங்கள் சுகம். மச்சாளின் முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், இப்போது மாடிப்படி ஏறுகிறாள். உன் கோணல் எழுத்தை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்துவிட்டு, "அவையின்ர சூப்பை இவள் ஏன் வாங்கிக் குடிச்சவள்?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான். எலும்பை உடைத்துவிட்டு எலும்புச் சூப் கொண்டு வருகிறான், நீயும் குடிக்கிறாய்.

அதை விடு. நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கியூபெக் கொம்பனி! ஸ்காபுறோவில் வீடு, ஸ்காபுறோவில் கடை, பிள்ளைகள் படிப்பது ஸ்காபுறோவில். காருக்கு மட்டும் ஏன் கியூபெக் இலக்கத் தகடு? உனக்குத் தெரியாதா என்ன, நம்முடைய ஆட்களில் பாதிப்பேர் செய்கிற வேலைதான். ரொறன்ரோவில் காப்புறுதி நெருப்பு விலை, மொன்றியலில் மலிவு. ஆகவே இங்கே ஒரு சிநேகிதனுடைய விலாசத்தைக் கொடுத்துவிட்டு, அங்கே காரை ஓட்டுவது. கொம்பனிக்காரன் கேட்டால், "விசிற் வந்தனான்." மூன்று வருட விசிற்!

தங்கச்சி, பொய் விலாசம் கொடுத்து எடுத்த பொலிசி வெறும் கடதாசி. கொம்பனிக்கு விஷயம் தெரிந்தால் கையை விரித்துவிடும். அவன் சட்டை இல்லாமல் நடுத்தெருவில் நிற்பான். அந்தக் காட்சியை நினைத்தபடியே நேற்று ஒரு லொறி அரிசி இறக்கினேன், களைப்புத் தெரியவில்லை.

குடும்பப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. எழுது.

அண்ணை
அருமைராசா


ஸ்காபுறோ
15 மே 2006

அன்புள்ள அண்ணை,

இங்கே பனி போய் மரம் துளிர்த்துவிட்டது. நான் நலம் என்று சொல்லும் அளவுக்கு நலம். மச்சாள் படி ஏறுவது சந்தோஷம்.

உங்கள் கடிதத்தைக் கொண்டு நேரே லோயரிடம் போனேன். வாசித்துக் காட்டினேன். பெடியன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"அக்கா, உங்கட அண்ணையைக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ. அந்தாளின்ர கொம்பனி பொலிசியை உடைச்சால், சட்டத்தில இருக்கிற ஆகக் குறைஞ்ச தொகை, அந்த ரெண்டு லட்சத்தோட நிண்டிடும். மிச்சத்துக்கு அந்தாளின்ர கடையையும் வீட்டையும் துரத்திக்கொண்டு திரியவேணும். அதுகளும் பாங்கில ஈடு."

"அப்ப அவற்ற பொலிசி சுகமாய் இருக்கவேணும்."

"ஓம் அக்கா. உங்கட தோளை விடச் சுகமாய் இருக்கவேணும்."

அண்ணை, நான் என்ன செய்ய நினைத்திருக்கிறேன் என்று எழுதுகிறேன். இனி என் கையால் அலங்காரம் செய்ய முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எனக்குக் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது. ஒரு இடம் எடுத்து, இரண்டு மூன்று பெண்களை வைத்து, நான் சொல்லச் சொல்ல அவர்கள் செய்யட்டும். அதற்கு அந்த நட்டஈடு முழுதாக வரவேண்டும். வந்தால் நான் ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பேன். வராவிட்டால் இல்லை.

ஒக்டோபரில் இரண்டு பக்க லோயர்மாரும் இருந்து பேசுகிறார்கள். அதுவரை அவர் விலாசத்தைத் தொடாதீர்கள். முடிந்த பிறகு உங்கள் விருப்பம்.

தங்கச்சி
நிரஞ்சனி


மொன்றியல்
3 யூன் 2006

அன்புத் தங்கச்சி,

எல்லோரும் சுகம். வெயில் வந்துவிட்டது, கடையில் மாம்பழப் பெட்டி வந்த வேகத்தில் போகிறது.

நீ சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கட்டின கையோடு நடந்து போகக் கூடாது என்று நீ எழுதவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து, நகரத்தின் வடக்கே மொன்ட்ரியால்-நோர் பக்கம் போனேன். அங்கே இரண்டாம் மாடியில் சிவநேசம் இருக்கிறான், தெரியும்தானே, இரவியோடு ஒரே பள்ளிக்கூடம். ஒரு பை கருவாட்டோடு போனால் அவன் கதவைத் திறக்காமல் இருப்பானா?

"எப்பிடி, இரவி உன்னோட தான் இருக்கிறானாமே?"

"ஆர், இரவியோ? அவன் இஞ்ச இருந்து எத்தினை வருசம்! கடிதம் மட்டும்தான் அண்ணை வருது. அதுகளைக் கட்டிக் கட்டி அனுப்பிறதே எனக்கொரு உத்தியோகம்."

"காருக்கும் இஞ்சத்தை விலாசமோ?"

"பின்ன? அண்ணை, நீங்கள் ஏன் கேக்கிறியள்?"

"சும்மா. கருவாடு நல்லாய் இருந்தால் சொல்லு, இன்னும் தாறன்."

வெடியை வாங்கி வைத்திருக்கிறேன், கொளுத்தவில்லை. வாக்கென்றால் வாக்கு.

குடும்பப் பாதுகாப்பைப் பற்றி மூன்றாம் தரம் கேட்கிறேன். நீ எழுதாமல் விடுவதிலேயே எனக்கு விளங்குகிறது. ரொறன்ரோக்காரர் எல்லோரும் அப்படித்தான், பொலிஸ் கேட்கிறதை மட்டும் வாங்குவீர்கள். மாதம் ஒரு கோப்பிக் காசு மிச்சம் பிடிக்க அதை வெட்டிவிட்டிருப்பாய். சரி, போனது போகட்டும்.

அண்ணை
அருமைராசா


ஸ்காபுறோ
10 யூலை 2006

அன்புள்ள அண்ணை,

இங்கே கடும் வெக்கை. நீங்கள் லொறியில் மூட்டை ஏற்றுவதைக் குறையுங்கள், வயது இருபதல்ல.

கை இப்போது காது வரைக்கும் வருகிறது. தலை வாரி இழுக்க இன்னும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் புஷ்பராணி வந்து தலை முழுகவைத்து, இழுத்துப் பின்னிவிட்டுப் போகிறா. அவவுக்குக் கைத்திறம் இருக்கிறது. முதல் நாள் வாசலில் நின்று, "நான் உள்ளுக்க வரலாமோ அக்கா, இல்லாட்டித் திரும்பிப் போறன்" என்றா. வரச் சொன்னேன். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

சிவநேசத்திடம் இனிப் போகவேண்டாம். ஒக்டோபர் வரைக்கும்தானே கேட்டேன். மச்சாளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து எழுதுங்கள்.

தங்கச்சி
நிரஞ்சனி


மொன்றியல்
28 ஓகஸ்ட் 2006

அன்புத் தங்கச்சி,

நாங்கள் சுகம். உன் சுகம் இந்தக் கடிதத்தால் கெடக்கூடாது என்று மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன்.

கொளுத்திவிட்டேன்.

ஏன் என்று கேள். போன கிழமை என் கடைக்கு எதிர்ப்பக்கம், மூன்று கடை தள்ளி, பூட்டிக் கிடந்த இடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். ஆர் எடுத்தது என்று பார்க்கப் போனேன். ஏணியில் ஒருவன் நின்று பெயர்ப்பலகை பூட்டுகிறான். கீழே நின்று, "கொஞ்சம் இடப்பக்கம் ஏத்து" என்று சொல்கிறவன் இரவி! உன் தோளை உடைத்த கை அந்தரத்தில் காட்டிக்கொண்டு நிற்கிறது. என்னைக் கண்டதும், "அண்ணை, நல்ல சுகமோ? பக்கத்தில வாறம், பழசை மறப்பம்" என்றான்.

"பழசு உனக்குத்தான் பழசு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் வெள்ளைச் சட்டை போட்டு, மெட்ரோ பிடித்து, அவனுடைய கொம்பனிக் கந்தோருக்குப் போனேன். துறைமுகத்தில் சுங்கக்காரரோடு சண்டை பிடித்துப் பழகின பிரெஞ்சு கைகொடுத்தது. மேசையில் ஒரு வயதான மதாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டா. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தா.

"நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"பழைய கூட்டாளி."

"விபத்தில் அடிபட்ட பெண்?"

"என் தங்கச்சி."

"மிஸ்யூ, இதனால் உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபம் இல்லை மதாம். நட்டம்தான்."

அவ கண்ணாடியைத் திரும்பப் போட்டா. பிறகு எழுதத் தொடங்கினா. இரண்டு நாளில் ஆள் விட்டு விசாரித்திருக்கிறார்கள். சிவநேசம் பயத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். பொலிசி செல்லாது என்று இரவிக்கு அறிவித்தாயிற்று.

உனக்குக் கோபம் வரும். ஆனால் நீ ஏன் பயப்படுகிறாய்? நான் செத்தா போனேன்? மேல்மாடி அறை சும்மா கிடக்கிறது. மொன்றியலுக்கு வா. கடையில் காசு மேசையில் இரு. ஒரு கையால் தட்டுகிற வேலைதான். ஆயுள் முழுக்க உன்னைப் பார்ப்பேன்.

அண்ணை
அருமைராசா


மொன்றியல்
9 ஒக்டோபர் 2006

அன்புத் தங்கச்சி,

சுகமாய் இருக்கிறாயா? கடிதமும் இல்லை, தொலைபேசியையும் எடுக்கிறாய் இல்லை. மச்சாள் எடுத்தால் எடுப்பாய் என்று அவளைக் கொண்டு எடுப்பித்தேன். அதற்கும் இல்லை. இரண்டு நாளாய் அவளும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சோற்றை வைக்கிறாள், போகிறாள்.

இங்கத்தைய புதினம்: இரவியின் கடை திறக்கவே இல்லை. பொலிசி உடைந்த கதை கேட்டுப் பாங்க் கடனை நிறுத்தியதாம், இடத்துக்காரன் சாவியைத் திருப்பி வாங்கிவிட்டான். பலகையைக் கழற்றியபோது நான் என் வாசலில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். தேத்தண்ணியும் குடித்தேன். உனக்குப் பொய் எழுத மாட்டேன், அந்தத் தேத்தண்ணி போல் ஒன்றை நான் இந்த நாட்டில் குடித்ததில்லை.

லோயர்மார் பேசிவிட்டார்களா? எவ்வளவுக்கு வந்து நின்றது? குறையை நான் தருகிறேன். மேல் அறைக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டாயிற்று. இரண்டு வரியாவது எழுது.

அண்ணை
அருமைராசா


ஸ்காபுறோ
18 நவம்பர் 2006

அண்ணை,

மச்சாளின் சுகத்தை விசாரிக்கிறேன். எனக்குக் கை இப்போது நன்றாக எழுதுகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆகவே முழுவதும் எழுதுகிறேன்.

லோயர்மார் பேசினார்கள். இரவியின் கொம்பனி சட்டத்தில் உள்ள குறைந்த தொகையோடு கையைக் கழுவிவிட்டது. மிச்சத்தை என் கொம்பனி தருகிறது. ஓம் அண்ணை, என் கொம்பனி. குடும்பப் பாதுகாப்பு என்னிடம் இருக்கிறது. கார் வாங்கின நாள் முதல் இருக்கிறது. காப்புறுதி ஏஜென்ட் அக்கா, "காசு இல்லாதவன் வந்து இடிச்சால் என்ன செய்வியள்?" என்று கேட்டு எடுப்பித்தவ. ஒரு கோப்பிக் காசை நான் மிச்சம் பிடிக்கவில்லை.

லோயருக்கும் அது முதல் நாளே தெரியும், அவன் அதைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் உங்களுக்கு எழுதவில்லை. தெரிந்தும் பயந்தான், ஏனென்றால் சொந்தக் கொம்பனியும் சும்மா தராது, ஒவ்வொரு வலிக்கும் சாட்சி கேட்கும். கேட்டது. இரண்டு டொக்டர்மார் முன்னால் சட்டையைக் கழற்றிக் காட்டினேன். ஒக்டோபரில் ஒரு பேச்சில் முடிந்திருக்க வேண்டியதை, என் சொந்தக் கொம்பனியோடு மல்லுக்கட்டி முடித்தேன்.

உங்கள் முதல் கடிதத்துக்கு "ஓம், இருக்கிறது" என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு அந்தக் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். என் தோளுக்கு ஒரு வரி, கொள்கலனுக்கு ஒரு பந்தி. அப்போது ஒரு எண்ணம் வந்தது. இது இல்லை என்று அண்ணை நினைத்தால் என்ன செய்வார்? எனக்காகக் கையைக் கட்டுவாரா? அதைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. மூன்று தரம் கேட்டீர்கள், நான் மூன்று தரமும் எழுதவில்லை. என்னிடம் ஒன்றுமில்லை என்று நீங்களே முடிவு செய்தீர்கள். பொலிசி உடைந்தால் நான் ஒருவர் கையை எதிர்பார்த்து இருக்கவேண்டும் என்று எழுதினேன். அதையும் வாசித்தீர்கள். வாசித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனீர்கள்.

பிறகு கட்டில் வாங்கினீர்கள். அண்ணை, அந்தக் கட்டிலுக்குத்தான் நான் பயந்தது. காசு மேசையில் ஒற்றைக் கையோடு நான். வருகிற சனத்துக்கு நீங்கள் சொல்வீர்கள், "என்ர தங்கச்சிதான். நான்தான் பாக்கிறன்."

உங்களுக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. என் கொம்பனி எனக்குத் தந்ததை வட்டியோடு வாங்க இரவியின் பின்னால் போகிறது. வீடு போகும். நீங்கள் இன்னொரு தேத்தண்ணி குடிக்கலாம்.

எனக்கும் பழி வாங்கத் தெரியும் என்று காட்ட ஒரு செய்தி. மார்க்கம் றோட்டில் இடம் எடுத்துவிட்டேன். தையில் திறப்பு. என்னோடு வேலைக்கு வருகிறவ புஷ்பராணி. என் கண், அவவின் கை. அழைப்பிதழ் மச்சாளின் பெயருக்கு வரும். உங்கள் பெயர் அதில் இருக்காது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மதாமின் கதவைத் திறக்கும்போது என் கையை நினைத்தீர்களா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். கட்டிலைப் பற்றி எழுதவேண்டாம்.

நிரஞ்சனி


மொன்றியல்
4 டிசம்பர் 2006

அன்புத் தங்கச்சி,

மச்சாள் சுகம். உன் கடிதத்தை அவள் தனக்குள்ளேயே வாசித்துவிட்டு என் மேசையில் வைத்தாள். இந்த முறை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். உன் எழுத்து அச்சுப் போல் இருக்கிறது.

என்னைச் சோதித்தது எனக்குக் கோபம். கோபம் என்றால் சாதாரண கோபமில்லை. முப்பது வருடம் வியாபாரம் செய்கிறேன், ஒருவனும் என்னை இப்படித் தராசில் ஏற்றியதில்லை. இருப்பதை இருக்கிறது என்று எழுதியிருந்தால், நான் செய்ததைத்தான் செய்திருப்பேன். யாருக்கும் குறை வந்திருக்காது. நீயும் நானும் பழையபடி சண்டை பிடித்துக்கொண்டு இருந்திருப்போம்.

இரவியின் வீடு போகும் என்று எழுதியிருந்தாய். போகட்டும். அதில் எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்க்காதே. புஷ்பராணியை வேலைக்கு வைப்பது உன் இடம், உன் விருப்பம். உன் திறப்புவிழாவுக்கு மச்சாள் பஸ்ஸில் வருவாள், ரிக்கற் எடுத்தாயிற்று. நான் அவளை நிலையத்தில் ஏற்றிவிட்டுக் கடைக்கு வந்துவிடுவேன்.

நீ கேட்டதற்குப் பதில். மதாம் என்ன லாபம் என்று கேட்டபோது, 'நட்டம்' என்று நான் சொன்னது யாருடைய நட்டம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவுப் பிடியில் கை வைத்தபோது உன் கைதான் முன்னால் வந்தது, தோளில் கம்பியோடு. கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் ஒருவர், "பார்தோன், மிஸ்யூ" என்றார். விலகி அவருக்கு வழிவிட்டிருக்கலாம். திரும்பி மெட்ரோவுக்கு நடந்திருக்கலாம்.

நினைத்தேன், தங்கச்சி. நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

அருமைராசா